‘அன்றே கணித்தார்’ என்பது சரியா? டிஸ்டோபியா நாவல்கள் திரும்பத் திரும்ப விற்பதன் பின்னணி

2017 ஜனவரி 22. அமெரிக்க அதிபர் டிரம்பின் பதவியேற்பு விழாவுக்கு வந்த கூட்டம் பற்றி வெள்ளை மாளிகை சொன்ன கணக்கு தவறு என்று தெரிந்துவிட்டது. தொலைக்காட்சிப் பேட்டியில் அதைப் பற்றிக் கேட்டபோது, அதிபரின் ஆலோசகர் கெல்லியேன் கான்வே அவை ‘மாற்று உண்மைகள்’ என்றார். அந்த வாரமே, 1949இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ அமேசான் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. பதிப்பகம் அவசர அவசரமாக 75,000 பிரதிகள் மறு அச்சுக்குக் கொடுத்தது.

இது முதல் முறை இல்லை. 2013இல் அமெரிக்க அரசின் கண்காணிப்பை எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்தியபோதும் இதே நாவல் இப்படித்தான் விற்றது. 2020 செப்டம்பரில் ஒக்டேவியா பட்லரின் ‘பேரபிள் ஆஃப் தி சோவர்’ நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் இடம்பிடித்தது. அது 1993இல் வந்த நாவல். எழுதியவர் இறந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒவ்வொரு முறையும் ‘அன்றே கணித்தார்’ என்ற வரியோடு பக்கங்களின் படங்கள் சுற்றுக்கு வருகின்றன. இந்த எழுத்தாளர்கள் எதிர்காலத்தைப் பார்த்தார்கள் என்ற எண்ணம் வாசகர்கள் மனதில் பதிந்துவிடுகிறது. அவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே நடந்தவற்றைத்தான் எடுத்து அடுக்கினார்கள். இது புரிந்தால் இந்த நாவல்களைப் படிக்கும் விதமே மாறும். பக்கத்து அலமாரியில் இருக்கும் மிகுபுனைவு நாவல்களைப் பார்க்கும் விதமும் மாறும்.

முதலில் சொற்கள்

1. உட்டோபியா: 1516இல் தாமஸ் மோர் லத்தீனில் எழுதிய நூலின் தலைப்பு. கிரேக்க வேரில் ‘இல்லாத இடம்’ என்று பொருள். உச்சரிப்பில் ‘நல்ல இடம்’ என்பதும் சேர்ந்தே ஒலிக்கும்.

2. டிஸ்டோபியா: அதன் எதிர்ப்பதம். 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து நிலப் பிரச்சினையைப் பற்றிப் பேசும்போது ஜான் ஸ்டூவர்ட் மில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கவனியுங்கள், கதைக்கு வருவதற்கு முன்பே இந்தச் சொல் ஒரு நடப்பு அரசின் கொள்கையைத் திட்டுவதற்குப் பயன்பட்டிருக்கிறது. இன்றைய பொருளில், திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஒரு கெட்ட சமூகத்தை இது குறிக்கும். அங்கே சட்டம் இருக்கும், அலுவலகம் இருக்கும், அதை நியாயப்படுத்த ஒரு தத்துவமும் இருக்கும்.

3. பேரழிவுக்குப் பிந்தைய கதை: இதை டிஸ்டோபியாவோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே அரசே குலைந்து போயிருக்கும். டிஸ்டோபியாவிலோ அரசு தேவைக்கு மேலேயே வேலை செய்துகொண்டிருக்கும்.

4. மிகுபுனைவு (ஃபேன்டசி): நம் உலகில் நடக்க முடியாத ஒன்றை விதியாக வைத்து எழும் கதை. டிராகன் பறக்கலாம், சொல்லுக்கு மந்திர சக்தி இருக்கலாம். ஆனால் வைத்த விதியை எழுத்தாளரே மீறக்கூடாது. மீறினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. ரொக்கேயா பேகம் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் வெளியானது. அதில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், வான ஊர்தியில் போகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பெண்ணுக்கு அது உட்டோபியா. உள்ளே அடைபட்ட ஆணின் இடத்தில் நின்று பார்த்தால் டிஸ்டோபியா. அந்த ஆணின் நிலை அன்றைய வங்காளத்துப் பெண்ணின் அன்றாட வாழ்க்கையேதான். ரொக்கேயா எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, இடம் மாற்றி வைத்தார். இந்த வகை எழுத்தின் சூட்சுமம் முழுக்க அந்தச் சின்னக் கதையில் இருக்கிறது.

கணிப்பா, நினைவா?

நான்கு நாவல்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

1. யெவ்கெனி ஜாமியாடினின் ‘நாங்கள்’. 1920-21இல் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டது. நவீன டிஸ்டோபியாவின் தாய் நாவல் இது என்றே சொல்லலாம். மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்; கதை சொல்பவன் டி-503. எல்லாரும் கண்ணாடிச் சுவர் வீடுகளில் வாழ்கிறார்கள். திரையை இறக்க வேண்டுமென்றால் இளஞ்சிவப்புச் சீட்டு வாங்க வேண்டும். ஜாமியாடின் கப்பல் பொறியாளர். முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் பனிக்கட்டி உடைக்கும் கப்பல்கள் கட்டப்படுவதை மேற்பார்வை செய்தவர். தொழிற்சாலை ஒழுங்கு எப்படி மனிதனைச் சக்கரமாக்கும் என்று அங்கே பார்த்தார். ஜார் ஆட்சியும் அவரைச் சிறையில் வைத்தது, போல்ஷெவிக் ஆட்சியும் வைத்தது. நாவல் 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்தது; சோவியத் நாட்டில் அச்சேற 1988 ஆகிவிட்டது.

2. ‘1984’. ஒரே கட்சி எல்லாரையும் கண்காணித்து ஆளும் நாட்டின் கதை. ஆர்வெல் 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தொண்டையில் குண்டு வாங்கியவர். சண்டையே நடக்காத இடத்தில் பெரும் போர் நடந்ததாக நாளிதழ்கள் எழுதியதை அங்கேதான் பார்த்தார். நாவலில் கட்சி நம்பச் சொல்லும் ‘இரண்டும் இரண்டும் ஐந்து’ அவருடைய கற்பனை இல்லை. ஐந்தாண்டுத் திட்டத்தை நான்கே ஆண்டில் முடிப்போம் என்று சொல்ல சோவியத் சுவரொட்டிகளில் அச்சான முழக்கம் அது. 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் வேலை பார்த்தார். போர்க்காலத் தணிக்கைக்கு உட்பட்டு எழுதுவது எப்படியிருக்கும் என்று அங்கே உடம்பால் தெரிந்துகொண்டார். அவருடைய மனைவி ஐலீன் தணிக்கைத் துறையிலேயே வேலை பார்த்தவர். நாவலில் பழைய செய்திகளைத் திருத்தி எழுதும் ‘உண்மை அமைச்சகம்’ என்ற துறைக்குள் போக ஆர்வெல் காலப் பயணம் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

3. மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’. 1984இல், சுவர் நின்றுகொண்டிருந்த மேற்கு பெர்லினில், வாடகைக்கு எடுத்த ஜெர்மன் விசைப்பலகைத் தட்டச்சு இயந்திரத்தில் இதை எழுதத் தொடங்கினார். தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார்: வரலாற்றில் எங்கேயாவது, எப்போதாவது மனிதர்கள் செய்யாத எதையும் நாவலில் சேர்க்கக்கூடாது. குழந்தை பெறக்கூடிய பெண்களை அரசு பிடித்து வைத்து, பிறக்கும் குழந்தையை மேல்தட்டு வீட்டுக்குக் கொடுக்கும் கதை அது. ருமேனியாவின் ஆட்சியாளர் சௌசெஸ்கு 1966இல் 770ஆம் எண் ஆணையால் கருக்கலைப்பைத் தடை செய்தார். வேலை செய்யும் இடங்களிலேயே பெண்களைப் பரிசோதித்தார்கள். அர்ஜென்டினா ராணுவ ஆட்சியில், காணாமலாக்கப்பட்டவர்களின் கைக்குழந்தைகள் ராணுவக் குடும்பங்களுக்குப் போயின. பெண்களுக்கு எழுத்தறிவு தடை என்பது, அமெரிக்காவில் அடிமைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தடுத்த சட்டங்களிலிருந்து வந்தது. வரி வரியாக ஆதாரம் காட்டக்கூடிய நாவல் இது.

4. ‘பேரபிள் ஆஃப் தி சோவர்’. என்னைக் கேட்டால் நான்கில் இதுதான் மிகவும் வலிக்கும். 2024 ஜூலை 20இல் தொடங்கும் ஒரு பெண்ணின் நாட்குறிப்பு. லாஸ் ஏஞ்சலஸ் அருகே மதில் சூழ்ந்த குடியிருப்பில் வாழ்கிறாள் லாரன். தண்ணீர் பெட்ரோலைவிட விலை அதிகம். வீடுகளை எரிப்பதே போதையாகிவிட்ட கூட்டம் மதிலுக்கு வெளியே திரிகிறது. 2025 பிப்ரவரி 1 தேதியிட்ட பதிவு, ‘இன்று தீப்பிடித்தது’ என்ற பொருளில் தொடங்கும். நிஜத்தில் 2025 ஜனவரி 7 அன்று தொடங்கிய ஈட்டன் தீ, பட்லர் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஆல்டடீனாவைத்தான் எரித்தது. தேதியும் இடமும் இவ்வளவு நெருங்கி வந்ததும் ‘கணித்தார்’ என்று சொல்லத் தோன்றுவது இயல்பு.

ஆனால் பட்லர் எப்படி வேலை செய்தார் என்று பாருங்கள். நாளிதழ் நறுக்குகளைச் சேர்த்து வைத்தார். அந்தக் காகிதங்கள் இன்று கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. நாம் இன்று கண்டுகொள்ளாமல் விடும் பிரச்சினைகளை எடுத்து, அவை முற்றிப் பேரழிவாக முப்பது ஆண்டு கொடுத்தேன் என்பதுதான் அவர் தந்த விளக்கம். 1998இல் வந்த தொடர் நாவலில், அமெரிக்காவை மீண்டும் மகத்தானதாக்குவோம் என்று முழங்கும் அதிபர் வேட்பாளர் வருகிறார். 2016க்குப் பிறகு இந்தப் பக்கம் எத்தனை முறை சுற்றியது! ஆனால் 1980 தேர்தலில் ரீகன் அதே முழக்கத்தோடுதான் நின்றார். பட்லர் அதை மறக்கவில்லை, நாம் மறந்துவிட்டோம்.

அப்படியானால் ஏன் திரும்பி வருகின்றன?

கணிப்பு இல்லையென்றால் இந்த விற்பனைக்கு என்ன காரணம்? எனக்குத் தெரிந்து இரண்டு.

1. பெயர் தேவைப்படுகிறது. நடப்பது தப்பு என்று உள்ளுக்குள் தெரிகிறது, ஆனால் அதைச் சொல்ல வார்த்தை இல்லை. ‘பெரியண்ணன்’ (எல்லாரையும் கண்காணிக்கும் தலைவர்), ‘இரட்டைச் சிந்தனை’ (ஒன்றுக்கொன்று முரணான இரண்டையும் சேர்த்தே நம்புவது) என்று ஆர்வெல் கையில் வார்த்தையைக் கொடுத்துவிடுகிறார்.

2. அடையாளம் தேவைப்படுகிறது. 2017இல் டெக்சஸ் மேலவைக்கு, அடுத்த ஆண்டு அர்ஜென்டினா நாடாளுமன்றத்தின் வாசலுக்கு, பெண்கள் அட்வுட்டின் பாத்திரங்கள் அணியும் சிவப்பு அங்கியிலும் வெள்ளைத் தொப்பியிலும் வந்தார்கள். முழக்கம் போடவே வேண்டியிருக்கவில்லை. சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையில் வரும் மூன்று விரல் வணக்கம், 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் தெருவுக்கு வந்தது. கையை உயர்த்தியவர்களைக் கைது செய்தார்கள். 2021இல் மியான்மரில் மருத்துவர்களும் மாணவர்களும் அதே விரல்களை உயர்த்தினார்கள்.

காலின்ஸ் அந்த வரிசையில் 2025 மார்ச்சில் புது நாவல் கொண்டுவந்தார். இத்தனை பேரை ஒரு சிலர் எப்படி இவ்வளவு எளிதாக ஆள முடிகிறது என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் கேட்ட கேள்வியிலிருந்து எழுந்த கதை அது. பதின்பருவத்தினர் வாங்கிப் படிக்கும் புத்தகத்துக்கு இது சின்னக் கேள்வி இல்லை.

மிகுபுனைவு தப்பி ஓடுவதா?

சரி, அப்புறம் மிகுபுனைவு. ரெபெக்கா யாரோஸின் ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வெளிவந்த முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. டிராகன், போர்ப் பயிற்சிப் பள்ளி, காதல் எல்லாம் உண்டு. காதலும் மிகுபுனைவும் கலந்த இந்த வகைக்கு ‘ரொமான்டசி’ என்று பெயர். உலகம் எரியும்போது ஜனங்கள் டிராகன் கதைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள் என்று இதைப் பற்றி எழுதுகிறார்கள்.

நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வரிசையின் முதல் நாவலான ‘ஃபோர்த் விங்’கைப் பிரித்துப் பாருங்கள். நாயகி வயலெட், ஆவணம் காக்கும் எழுத்தராக வளர்க்கப்பட்டவள். தன் நாடு எல்லைக்கு அப்பால் இருக்கும் ஆபத்தை வரலாற்றிலிருந்தே அழித்து வைத்திருக்கிறது என்று மெல்ல மெல்லக் கண்டுபிடிக்கிறாள். துப்புக் கிடைப்பது அப்பா விட்டுப்போன பழங்கதைப் புத்தகத்தில். டிராகனை எடுத்துவிட்டால் இது ஆர்வெல்லின் களம். நடையில் அவசரம் தெரிகிறது, காதல் காட்சிகள் திகட்டுகின்றன. ஆனாலும் லட்சக்கணக்கான இளம் வாசகர்கள் ‘அரசு எதை அழித்தது?’ என்ற கேள்வியோடு பக்கம் புரட்டுகிறார்கள். அதைத் தப்பி ஓடுவது என்று சொல்லக்கூடாது.

இன்னும் நேரடியானது ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’, 2022. களம் 1830களின் ஆக்ஸ்போர்டு. மந்திரத்துக்கு ஒரே விதி: வெள்ளிக் கட்டியில் ஒரு மொழியின் சொல்லையும் வேறு மொழியில் அதன் இணைச்சொல்லையும் பொறிக்க வேண்டும், மொழிபெயர்ப்பில் நழுவிப்போகும் அர்த்தம் சக்தியாக வெளிப்படும். இரண்டு மொழியிலும் கனவு காண்கிறவரால் மட்டுமே அதை இயக்க முடியும். இதைத் தமிழில் யோசித்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் ‘ஊடல்’, மறுபக்கம் அதற்கு ஆங்கிலத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு சொல். ‘முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது’ என்பதற்கு மேல் அந்தச் சொல் போகாது. ஊடலில் இருக்கும் உரிமை, விளையாட்டு, சமாதானத்துக்கான காத்திருப்பு எல்லாம் நடுவில் தங்கிவிடும். குவாங்கின் உலகத்தில் கப்பலை ஓட்டுவது அந்த மிச்சம்தான்.

அந்த மிச்சத்தை உறிஞ்ச, பேரரசுக்கு அடிமை நாட்டுப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். நாயகன் சீனாவின் காண்டன் நகரிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவன். தனக்கு ஓர் ஆங்கிலப் பெயரைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுகிறார்கள்; அவன் ராபின் ஸ்விஃப்ட் ஆகிறான். அவனுடைய சீனப் பெயர் நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. 2023இல் சீனாவின் செங்டு நகரில் நடந்த, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்குமான ஹியூகோ விருதில் இந்த நாவல் ‘தகுதியற்றது’ என்று ஒதுக்கப்பட்டது, காரணம் சொல்லவில்லை. மறு ஆண்டு கசிந்த மின்னஞ்சல்களில், விருதை நிர்வகித்தவர்கள் எழுத்தாளர்களின் அரசியல் கருத்துகளைத் துருவிக் குறிப்பெடுத்தது வெளியே வந்தது.

யாருக்கு டிஸ்டோபியா?

இங்கேதான் விஷயத்தின் கனமான பகுதி. நடந்ததைத்தான் எழுதுகிறார்கள் என்றால், யாருக்கு நடந்தது என்ற கேள்வி வந்தே தீரும்.

அட்வுட்டின் நாவல் மீதான நியாயமான விமர்சனம் ஒன்று உண்டு. பிள்ளை பெறக் கட்டாயப்படுத்துவது, பெற்ற பிள்ளையைப் பறிப்பது, பெயரைப் பறித்து உடைமையாளன் பெயரை வைப்பது எல்லாம் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு நடந்தவை. நாவலிலோ கறுப்பின மக்களை வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டதாக ஒரு செய்தித் துணுக்கோடு கதை நகர்ந்துவிடுகிறது. அவர்களுடைய கடந்த காலம் மற்றவர்களின் பயங்கரமான எதிர்காலமாக மாறிவிட்டது.

2023 புக்கர் பரிசு பெற்ற பால் லிஞ்சின் ‘பிராஃபெட் சாங்’ இதைத் தெரிந்தே செய்கிறது. டப்ளினில் மழை இரவில் கதவு தட்டப்படுகிறது. தொழிற்சங்கத்தில் இருக்கும் கணவனைத் தேடி ரகசியப் போலீஸ் வந்திருக்கிறது. பத்தி பிரிக்காமல் மூச்சு முட்ட எழுதியிருக்கிறார். சிரியா மக்களின் துயரம் ஐரோப்பிய வாசகருக்கு உறைக்கவில்லை என்பதால் அதை அவர்கள் தெருவுக்கே கொண்டுவந்ததாக லிஞ்ச் சொன்னார். இலங்கைத் தமிழ் வாசகர் ஒருவருக்கு இது டிஸ்டோபியாவாகத் தெரியுமா? இரவில் தட்டப்பட்ட கதவு, அழைத்துப் போனவர்கள், பட்டியலில் பெயர் தேடும் மனைவி. வடக்கிலும் கிழக்கிலும் புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்காகத் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு இதில் கற்பனை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ புத்தகம் எரிப்பவர்களின் கதை. அதன் முதல் வடிவத்தை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக நூலகத்தின் அடித்தளத்தில், அரை மணிக்குப் பத்து சென்ட் போட்டால் ஓடும் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தார். ஒன்பது நாளில் மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட். 1953இல் நாவலாக வந்தது. அது வந்து 28 ஆண்டு கழித்து, 1981 மே 31 இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அந்த நாவலைத் தமிழர் படிப்பதும் கலிபோர்னியாவில் ஒருவர் படிப்பதும் ஒன்றாக இருக்க முடியாது.

அதே தீவிலிருந்து ஒரு புதுக் குரல். கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர ஆங்கிலத்தில் எழுதிய ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ 2023ஆம் ஆண்டின் சிறந்த நாவலுக்கான நெபுலா விருதைப் பெற்றது; அதுவும் அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்குமான விருதுதான். பிறந்த கணத்திலேயே தாய், குழந்தையின் நிழலைப் பெரிய பித்தளை ஆணியால் தரையில் அறைந்து பிய்த்தெடுக்கிறாள். நிழல் போனதால் மண்ணில் கால் பாவாமல் மிதக்கக்கூடியவனாகிறான். அவன் வளர்க்கப்படுவது ஒரே காரியத்துக்காக: புனிதராகிவிட்ட தன் அப்பாவைக் கொல்ல. அவன் பெயர் ‘ஃபெட்டர்’, அதாவது தளை. புத்தரின் மகன் ராகுலனின் பெயருக்கு மரபில் சொல்லப்படும் பொருளும் அதுவே. புரிந்தவர்களுக்கு இங்கே உடம்பு சிலிர்க்கும்.

அவன் போய்ச் சேரும் நகரில் திறக்கவே முடியாத கதவுகள் இருக்கின்றன. மக்களை இனமாக, சாதியாக அடுக்கடுக்காகப் பிரிக்கும் அலுவலகங்களும் முகாம்களும் கும்பல் வன்முறையும் இருக்கின்றன. நகரவாசிகள் அவற்றின் நடுவே காபி குடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். மிகுபுனைவும் டிஸ்டோபியாவும் இந்த நாவலில் பிரிக்க முடியாமல் ஒன்றாகிவிடுகின்றன. பெரும்பான்மைச் சமூகத்துக்குள்ளிருந்து ஒருவர் தன் நாட்டின் மதமும் அதிகாரமும் சேர்ந்து செய்ததை இவ்வளவு நெருங்கிப் பார்த்து எழுதியிருப்பதற்காகவே தமிழ் வாசகர்கள் இதைத் தேடிப் படிக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

1. முதலில் ‘சுல்தானாவின் கனவு’. ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

2. அடுத்து, பெல்ஜிய எழுத்தாளர் ஜாக்குலின் ஹார்ப்மன் 1995இல் பிரெஞ்சில் எழுதிய ‘ஆண்களை அறியாத நான்’. ஆங்கில மொழிபெயர்ப்பு இப்போது டிக்டாக் வழியாக இளம் வாசகர்களிடம் பரவியிருக்கிறது. ஹார்ப்மன் யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி அவர் குடும்பம் காசபிளாங்காவுக்குப் போனது. நிலத்தடிக் கூண்டில் 39 பெண்களும் ஒரு சிறுமியும். ஏன் அடைத்தார்கள் என்று கடைசிவரை பதில் கிடையாது. கடிகாரம் இல்லாத இடத்தில் அந்தச் சிறுமி தன் இதயத் துடிப்பை எண்ணி எண்ணி, காவலர்கள் மாறும் நேரத்தைக் கணக்கிடுகிறாள். அந்த ஒரு காட்சிக்காகவே படிக்கலாம்.

3. அப்புறம் பட்லர். அவசரப்பட்டுப் படிக்க வேண்டாம். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் நிஜத்தில் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே வரலாம். லாரனின் நாட்குறிப்பு 2027இல் முடிகிறது.